மூன்று வாரப் பள்ளிக்கூடம்

மதிப்பெண் கிடையாது, ரேங்க் கிடையாது. ஆனாலும் கோடை விடுமுறையில் ஐந்து மணி நேர வகுப்பில் விரும்பி உட்காருகிறார்கள் அமெரிக்கப் பதின்வயதுப் பிள்ளைகள். இந்தத் தங்கிப் படிக்கும் முகாம்கள் யாருடைய வாழ்க்கையை மாற்றுகின்றன? வாசலிலேயே நின்றுவிடுபவர்கள் யார்?

சனிக்கிழமை இரவு. பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கல்லூரி வளாகம். விளக்கைக் குறைத்த கூடத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லார் கழுத்திலும் பட்டையில் தொங்கும் அடையாள அட்டை. கடைசிப் பாட்டு தொடங்குகிறது: டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை'. 1971-ல் வந்த, எட்டரை நிமிடம் ஓடும் பாட்டு. அது ஒலித்தால் நடனம் முடியப் போகிறது என்று பொருள். பிள்ளைகள் தோளில் கை போட்டு வட்டமாகச் சேர்ந்து, வரிக்கு வரி கூடவே கத்துகிறார்கள். நடுவில் நிற்கும் பதினாறு வயதுக்காரர்கள் சிலர் அழுகிறார்கள். வயது வரம்பு முடிந்துவிட்டதால் அடுத்த ஆண்டு அவர்கள் வர முடியாது. முகாம் வழக்கில் அவர்களுக்குப் பெயர் 'நோமோர்'.

இதே பிள்ளைகள்தான் அந்த வாரம் முழுக்க எண் கோட்பாடும், மரபணுவியலும், சங்கேத எழுத்தியலும், இருத்தலியல் தத்துவமும் படித்துக்கொண்டிருந்தவர்கள். யாரும் பரீட்சைக்குத் தயார் செய்யவில்லை. முடிவில் கிடைப்பது ஆசிரியர் எழுதித் தரும் மதிப்பீடு மட்டும். வீட்டை விட்டு, கைப்பேசிக்கும் கட்டுப்பாடு போட்ட இடத்தில், மூன்று வாரம் ஒரே பாடத்தைப் படித்துவிட்டுத் திரும்பும்போது அழுகிறார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இளம் திறனாளர் மையம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் கோடை முகாம் இது. சி.டி.ஒய். என்ற மூன்றெழுத்தைச் சொன்னால் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் தெரியும். மார்க் ஸக்கர்பெர்க், கூகுள் நிறுவனர் செர்கே பிரின், பாடகி லேடி காகா ஆகியோர் இங்கே வந்து போனவர்கள். முகாமைப் பற்றிய பேச்சு எங்கும் இந்தப் பெயர்ப் பட்டியலில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்விகளோ பட்டியலுக்கு வெளியே கிடக்கின்றன.

பன்னிரண்டு வயதில் ஃபோர்ட்ரான் சொல்லித் தந்தவன்

1968 கோடை. பால்டிமோர் நகரத்துப் பையன் ஜோசப் பேட்ஸுக்கு வயது 12. பள்ளிக் கணக்கு சலித்துப்போனதால் பெற்றோர் அவனைப் பல்கலைக்கழகக் கணினி வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் பெரியவர்களை முந்திவிட்டு, முதுகலை மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் கணினி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இவனை என்ன செய்வது என்று தெரியாத ஆசிரியர், உளவியல் பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லியிடம் அழைத்துப் போனார்.

ஸ்டான்லி செய்தது ஒரே காரியம். பதினேழு வயதுக்காரர்கள் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை அவனுக்கு வைத்தார். ஹாப்கின்ஸில் சேரத் தேவையான மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டான் பையன். அவனை ஏற்றுக்கொள்ள உள்ளூர் உயர்நிலைப் பள்ளி எதுவும் முன்வராததால், 13 வயதில் பல்கலைக்கழகத்திலேயே சேர்த்துவிட்டார்.

அந்தச் சோதனையில் அடங்கியிருந்த யோசனை எளியது. ஏழாம் வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை வைத்தால் ஒருவர் 40 வாங்குவார், இன்னொருவர் 90 வாங்குவார். 1971-ல் ஸ்டான்லி நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். 1972 மார்ச்சில் 12 முதல் 14 வயது வரையிலான சுமார் 450 பேர் ஹாப்கின்ஸ் வளாகத்துக்கு வந்து எஸ்.ஏ.டி. கணக்கை எழுதினார்கள். 1979-ல் மையம் உருவானது. அடுத்த ஆண்டே தங்கிப் படிக்கும் கோடை முகாம் தொடங்கியது.

பேட்ஸைப் போல எல்லாரையும் பதின்மூன்று வயதில் கல்லூரிக்கு அனுப்ப முடியாது. அனுப்பியவர்களும் உண்டு. எட்டு வயதில் எஸ்.ஏ.டி. கணக்கில் 760 வாங்கிய ஆஸ்திரேலியச் சிறுவன் டெரன்ஸ் டாவோ பின்னாளில் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பெர்த் நகரில் வளர்ந்த அக்ஷய் வெங்கடேஷ், 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2018-ல் அதே பதக்கத்தை வாங்கினார். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆண்டில் பத்து மாதம் தங்கள் வயது நண்பர்களோடு பள்ளியில் இருப்பதே நல்லது. மீதி நாளில் அவர்கள் வேகத்துக்கு ஒரு வகுப்பு வேண்டும். அந்த நடுவழிதான் கோடை முகாம்.

பெட்டிச் செய்தி: முகாமில் ஒரு நாள்

▪ காலையில் மூன்று மணி நேரமும் மதியம் இரண்டு மணி நேரமும் வகுப்பு. இரவு இரண்டு மணி நேரம் மேற்பார்வையில் படிப்பு.
▪ மூன்று வாரத்துக்கு ஒருவருக்கு ஒரே பாடம்.
▪ மாலையில் விளையாட்டு, நாடகம், கைவினை. பிள்ளைகளே கிளப் நடத்துவதும் உண்டு.
▪ விடுதி மாடிக்கு ஒரு கல்லூரி மாணவர் பொறுப்பாளர். முன்பு முகாமுக்கு வந்துபோனவர்கள் பலர் இந்த வேலைக்குத் திரும்பி வருகிறார்கள்.
▪ வார இறுதியில் நடனம்.

இரண்டு எப்போது வர்க்க எண்?

இந்த முகாம்களில் பாடம் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஹாப்கின்ஸுக்கு முன்னோடியான இன்னொன்றுக்குப் போக வேண்டும். கணிதப் பேராசிரியர் ஆர்னால்ட் ராஸ் 1957-ல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1964-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன கோடைக் கணித முகாம் இன்றும் நடக்கிறது. எளிய பொருளை ஆழமாக யோசி என்பதுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது. தொண்ணூறு வயது தாண்டியும் அவர் கரும்பலகை முன் நின்றார்.

அங்கே சூத்திரம் தருவதில்லை. கணக்குத் தாள் தருவார்கள். ஏழே எண்கள் உள்ள ஓர் உலகத்தை எடுத்துக்கொள்வோம்: 0 முதல் 6 வரை. ஆறுக்கு அடுத்து மறுபடி பூஜ்ஜியம். அந்த உலகத்தில் 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. ஏழைக் கழித்தால் 2. ஆக அங்கே 2 ஒரு வர்க்க எண், அதன் வர்க்கமூலம் 3. பதினோரு எண் உலகத்தில்? 1, 4, 9, 5, 3 மட்டும்தான் வர்க்கங்கள். அங்கே 2 இல்லை. பதினேழில் உண்டு, ஏனென்றால் 6 × 6 = 36, இரண்டு பதினேழைக் கழித்தால் 2. இருபத்து மூன்றில் 5 × 5 = 25, கழித்தால் 2. பதின்மூன்றில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

பிள்ளைகள் பகா எண்களை மட்டும் எடுத்து அட்டவணை போடுகிறார்கள். 7, 17, 23, 31 ஆகியவற்றில் உண்டு. 3, 5, 11, 13, 19 ஆகியவற்றில் இல்லை. யாரோ ஒருத்தி இரவுப் படிப்பு நேரத்தில் எல்லாவற்றையும் எட்டால் வகுத்துப் பார்க்கிறாள். மீதி 1 அல்லது 7 வந்தால் உண்டு, 3 அல்லது 5 வந்தால் இல்லை. மேஜையைச் சுற்றி சத்தம் எழுகிறது. ஆலோசகராக இருக்கும் கல்லூரி மாணவர் வந்து பார்க்கிறார். 'சரி' என்று சொல்வதில்லை, 'தப்பு' என்றும் சொல்வதில்லை. "எப்போதும் இப்படித்தான் வருமா? ஏன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போகிறார். அந்த 'ஏன்'-க்கு விடை கண்டுபிடிக்க அவளுக்கு வாரங்கள் ஆகலாம். ஆகட்டும் என்று விடுவதற்குத்தான் இந்த முகாமுக்கு ஆறு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முகாம் வினாத்தாள்களில் ஒரு வழக்கமான கட்டளை உண்டு. நிரூபி, அல்லது தப்பென்று காட்டு, தப்பென்றால் அதில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்று. தப்பாகப் போன யோசனையைக் கிழித்துப் போடாமல், எங்கே வரைக்கும் அது சரி என்று தேடச் சொல்கிறது அந்தக் கட்டளை. நம் ஊர் கோடைக்கால 'கிராஷ் கோர்ஸ்'களில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பழகும் பிள்ளைக்கும், ஒரே கேள்வியோடு ஒரு வாரம் இருக்கப் பழகும் பிள்ளைக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. ராஸிடம் படித்த கிளென் ஸ்டீவன்ஸ் 1989-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 'ப்ராமிஸ்' என்ற முகாமை இதே பாணியில் தொடங்கினார். அதன் கிளை 2023-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தது.

பெயர் பெற்றவர்கள் முகாமால் பெயர் பெற்றார்களா?

ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு ஐந்தாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கமிலா பென்போவும் டேவிட் லுபின்ஸ்கியும் அதை நடத்திவந்தார்கள். பன்னிரண்டு வயதில் உச்ச மதிப்பெண் எடுத்தவர்களில் முனைவர் பட்டம், காப்புரிமை, பேராசிரியர் பதவி பெற்றவர்களின் பங்கு பொதுமக்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு. முகாம்களின் விளம்பரங்களுக்கு இந்த முடிவுகள் நன்றாகப் பயன்படுகின்றன.

இதில் கவனமாக இருக்க வேண்டும். ஸக்கர்பெர்க் முகாமுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வு வைத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து அவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருப்பதைக் கண்டு வியப்பதில் பொருளில்லை. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற நுழைவுத்தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவு இங்கே உதவும். நூலிழையில் இடம் கிடைத்தவர்களுக்கும் நூலிழையில் தவறவிட்டவர்களுக்கும் பின்னாளைய தேர்வு மதிப்பெண்களில் பெரிதாக வேறுபாடு இல்லை.

மனநிலையிலும் ஒரு விலை உண்டு. உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் விளக்கிய 'பெரிய மீன், சிறிய குளம்' விளைவு அது. தன் பள்ளியில் எப்போதும் முதலாவதாக இருந்த பிள்ளை, தன்னைப் போன்றவர்கள் நடுவே வந்து சேர்ந்ததும் தன் திறமையைக் குறைத்து மதிப்பிடத் தொடங்கும். முதல் வாரத்தில் விடுதி அறையில் அழுகைச் சத்தம் கேட்பது வீட்டு ஞாபகத்தால் மட்டுமல்ல. அனுபவமுள்ள முகாம்கள் இதை அறிந்தே ரேங்க் போடுவதைத் தவிர்க்கின்றன. ரேங்க் போடும் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

அப்படியானால் பலன் எங்கே? இதற்குத் தெளிவான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. கல்வி ஆய்வாளர் சாரா கொஹோட்ஸும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் முன்னணித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றின் கோடைத் திட்டங்களை ஆராய்ந்தார்கள். அறிவியல், பொறியியல் துறைகளில் குறைவாக இடம்பெறும் சமூகங்களின் மாணவர்களுக்கானவை அவை. தகுதியான விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகம் என்பதால், யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். ஆகவே இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. 2022-ல் வெளியான முடிவின்படி, இடம் கிடைத்தவர்கள் உரிய காலத்தில் கல்லூரியை முடித்ததும் அறிவியல், பொறியியல் பட்டம் பெற்றதும் அதிகம். பள்ளியில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த பிள்ளைகளில் ஒரு கோடை இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது.

இந்த விஷயத்தின் மையம் இதுதான். வீட்டில் புத்தகம், படித்த பெற்றோர், நல்ல பள்ளி எல்லாம் உள்ள பிள்ளைக்கு முகாம் ஓர் இனிய அனுபவம், நல்ல நண்பர்கள். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு அது பாதையையே மாற்றுகிறது. ஆனால் இடங்களில் பெரும்பகுதி முதல் வகைப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்கிறது.

பதின்மூன்றுக்கு ஒன்று, பிறகு நான்குக்கு ஒன்று

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1983-ல் பென்போவும் ஸ்டான்லியும் அறிவித்த ஒரு கணக்கு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பதின்மூன்று வயதுக்குள் எஸ்.ஏ.டி. கணக்கில் 700-க்கு மேல் வாங்கியவர்களில் பதின்மூன்று பையன்களுக்கு ஒரு பெண் என்ற விகிதம். பெண்களுக்கு உச்சக் கணிதம் இயல்பாகவே வராது என்று வாதிட்டவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

பத்தாண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்று இறங்கியது. மனித இயல்பு பத்தாண்டில் மாறாது. மாறியவை பள்ளிகளும், வீடுகளும், எந்தப் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும் பெரியவர்களும். விகிதம் இன்னும் சமமாகவில்லை. ஆனால் ஒரு காலத்துப் புள்ளிவிவரத்தை இயற்கை விதியாக எடுத்துக்கொண்டவர்கள் எவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது.

வாசலில் ஐந்து லட்சம் ரூபாய்

சி.டி.ஒய். முகாமில் மூன்று வாரம் தங்கிப் படிக்க ஆறாயிரம் டாலருக்கு மேல் ஆகும். நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். உதவித்தொகை உண்டு. ஆனால் உதவித்தொகை கேட்பதற்கு முன், இப்படி ஒரு முகாம் இருக்கிறது, அதற்குத் தேர்வு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதிகம் பேரைத் தடுப்பது அந்த முதல் படிதான்.

புளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் நடந்தது இதற்குச் சான்று. மீத்திறன் வகுப்புக்கு யாரைச் சோதிப்பது என்பதை அங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் சிபாரிசு செய்துவந்தார்கள். 2005-ல் மாவட்டம் அதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு தேர்வு வைத்தது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் விளைவை அளந்தார்கள். தகுதி பெற்ற கறுப்பினப் பிள்ளைகள் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் பிள்ளைகள் 130 சதவீதமும் கூடியிருந்தார்கள். இவர்கள் எல்லாரும் அதே வகுப்பறைகளில் முன்பும் உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஆசிரியர் கண்ணிலும் பெற்றோர் எண்ணத்திலும் படாமல் இருந்தார்கள். பிறகு நிதி நெருக்கடி வந்தது. சோதனைத் திட்டம் சுருங்கியது. கிடைத்த முன்னேற்றமும் கரைந்துபோனது.

ராஜ் செட்டி உள்ளிட்ட ஆய்வாளர்களின் இன்னொரு கணக்கும் இதையே சொல்கிறது. வருமானத்தில் மேல்மட்ட ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை பின்னாளில் காப்புரிமை பெறும் கண்டுபிடிப்பாளராவதற்கான வாய்ப்பு, கீழ்ப்பாதிக் குடும்பத்துப் பிள்ளையைவிடப் பத்து மடங்கு. மூன்றாம் வகுப்பில் கணக்கில் சமமாக நின்ற பிள்ளைகளுக்கு நடுவிலும் இந்த இடைவெளி மறைவதில்லை.

இந்த இடைவெளியை நேரடியாகத் தாக்கிய முயற்சிகளில் ஒன்று நியூயார்க்கில் 2011-ல் தொடங்கிய 'பீம்'. கணித ஆர்வலர் டான் ஸஹாரோபோல் தொடங்கிய இந்தத் திட்டம், ஏழை மாணவர்கள் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கே நேரில் போய்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி வளாகத்தில் மூன்று வாரம் இலவசமாகத் தங்கவைத்துக் கணிதம் கற்றுத்தருகிறது. கோடை முடிந்ததும் கையைக் கழுவிவிடுவதில்லை. நல்ல உயர்நிலைப் பள்ளியில் சேர்வது முதல் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே வருகிறது.

கட்டணத்தை நம்பி ஓடும் திட்டங்களும் உறுதியாக நிற்கவில்லை. 1980-ல் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகத் திறனறித் திட்டம், பெருந்தொற்றின் நெருக்கடியில் மூடப்பட்டது. 2023 ஜூனில் சி.டி.ஒய். தன் முகாம்கள் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, போதிய பணியாளர்கள் கிடைக்கவில்லை என்று நூற்றுக்கணக்கான மாணவர்களின் இடத்தை ரத்து செய்தது. பெட்டி கட்டி வைத்திருந்த பிள்ளைகள், விடுப்பு எடுத்திருந்த பெற்றோர், விமான டிக்கெட் வாங்கியிருந்த குடும்பங்கள் எல்லாம் திகைத்து நின்றார்கள். பதின்வயதுப் பிள்ளைகளை இருபத்து நான்கு மணி நேரமும் பொறுப்பெடுத்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களை மூன்று வாரச் சம்பளத்துக்கு அமர்த்துவது எவ்வளவு கடினம் என்பது அப்போது வெளியே தெரிந்தது.

இதற்கு நடுவே இன்னொரு சந்தையும் வளர்ந்துவிட்டது. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் விடுதிகளைக் கோடையில் வாடகைக்கு எடுத்து, அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு முகாம் நடத்தும் தனியார் நிறுவனங்கள். 'உங்கள் பிள்ளை சிறப்பாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார்' என்று தங்க எழுத்தில் கடிதம் வரும். பாடம் நடத்துவது அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, கல்லூரிச் சேர்க்கையில் அது தனித்த சலுகை எதையும் தருவதும் இல்லை. நுழைவுத் தேர்வு உண்டா, பாடம் எடுப்பவர் யார், பல்கலைக்கழகமே நடத்துகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

பெட்டிச் செய்தி: பணம் கேட்காத முகாம்கள்

▪ வட கரோலினா ஆளுநர் பள்ளி: 1963-ல் ஆளுநர் டெர்ரி சான்ஃபர்ட் காலத்தில் சேலம் கல்லூரியில் தொடங்கியது. மாநில அரசே நடத்திய முதல் கோடை உறைவிடத் திட்டம். மதிப்பெண் இல்லை. பின்னாளில் நிதி வெட்டில் சிறு கட்டணம் வந்தது.
▪ டெல்லுரைடு கோடைத் திட்டம்: 1954 முதல். மாணவர்களே கூடி வாக்களித்துத் தங்கள் விடுதியை நிர்வகிக்கிறார்கள். அரசியல்வாதி ஸ்டேசி ஏப்ரம்ஸ் இங்கே படித்தவர்.
▪ ஆய்வு அறிவியல் பயிலகம்: அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவரின் முயற்சியால் 1984-ல் தொடங்கியது. எம்.ஐ.டி.யில் ஆறு வாரம் நேரடி ஆராய்ச்சி.

மும்பையும் ஸ்ரீஹரிகோட்டாவும்

இந்தியாவிலும் இப்படிப்பட்ட கோடை உண்டு. மும்பை மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒலிம்பியாட் முகாம்கள் நடக்கின்றன. பல சுற்றுத் தேர்வுகளைத் தாண்டியவர்கள் அங்கே தங்கி இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என்று பயிற்சி பெறுகிறார்கள். செலவு அரசுடையது. 1989 முதல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் பங்கேற்கும் இந்தியா, 2024-ல் நான்கு தங்கத்தோடு நான்காம் இடத்துக்கு வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட கோடைகள் இருக்கின்றன.

இஸ்ரோ 2019-ல் தொடங்கிய 'யுவிகா' இன்னும் பரவலானது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மே மாதத்தில் இரண்டு வாரம் ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம், பெங்களூரு போன்ற மையங்களில் இலவசமாகத் தங்கவைக்கிறது. தேர்வில் கிராமப்புறப் பள்ளிக்குத் தனி மதிப்பெண் உண்டு. அந்த ஒரு விதி மட்டும் பல மேடைப் பேச்சுகளைவிட அதிகம் சாதிக்கும். ஆனால் விண்ணப்பிக்கும் நாள்கள் குறைவு. தலைமை ஆசிரியர் சுற்றறிக்கையைப் பார்த்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கு அந்த ஆண்டு போய்விட்டது.

மறுபுறம், பல கதவுகள் மூடிக்கொண்டன. 1963-ல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. 1999 முதல் நடந்த கே.வி.பி.ஒய். அறிவியல் உதவித்தொகைத் திட்டம் 2022-ல் முடிவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான 'இன்ஸ்பயர்' முகாம் இருக்கிறது. அது ஐந்து நாள். ஐந்து நாளில் விஞ்ஞானிகளைப் பார்க்கலாம், பேச்சைக் கேட்கலாம். இரண்டு எப்போது வர்க்க எண் என்று கண்டுபிடிக்க நேரம் போதாது.

தமிழ்நாட்டில் நிலைமை சற்று விசித்திரம். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் வேலை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் உள்ள அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளில் ஆண்டுக்கு 6,695 பேர் தேர்வாகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர்கள் 'ட்ரஸ்ட் எக்ஸாம்' என்று சொல்லும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு நூறு பேர், அதில் ஐம்பது பேர் பெண்பிள்ளைகள். அடுத்த வகுப்புகளில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வும். மாவட்டத்துக்கு ஒன்றாக உறைவிட மாதிரிப் பள்ளிகளும் வந்துவிட்டன.

அமெரிக்காவில் ப்ரோவர்ட் மாவட்டம் கஷ்டப்பட்டுத் தயாரித்த பட்டியல் நம் பள்ளிக்கல்வித் துறையின் கணினியில் ஒவ்வோர் ஆண்டும் தயாராக இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள், கிராமத்துப் பிள்ளைகள், சரிபாதிப் பெண்பிள்ளைகள். தேர்வானதும் என்ன நடக்கிறது? வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறது. என்.எம்.எம்.எஸ். என்றால் மாதம் ஆயிரம் ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை. அந்தப் பணம் பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு நிற்காமல் காக்கிறது, குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 6,695 பேரில் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் மிகக் குறைவு. தன்னைப் போலவே கணக்கில் கிறுக்குப் பிடித்த இன்னொருத்தி பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறாள் என்று ஒருத்திக்குத் தெரியாது.

தேவையான மற்றவையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மே மாதத்தில் அரசுக் கல்லூரி விடுதிகள் பல காலியாகின்றன. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்துக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறன் தேர்வும் பயிற்சியும் நடத்திய நீண்ட அனுபவம் உண்டு. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமும் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. ஒலிம்பியாட் முகாமுக்குப் போய்வந்த கல்லூரி மாணவர்கள் ஆலோசகர்களாக வரலாம். மண்டலத்துக்கு ஒரு வளாகம், ஒவ்வொன்றிலும் எண்பது பிள்ளைகள், மூன்று வாரம் என்று வைத்தால் முதல் கோடையைத் தொடங்கிவிடலாம். பாடம் தமிழில் நடக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு வகுப்பாசிரியையே நேரில் போய்ப் பேச வேண்டும், முடிந்தால் விடுதியில் உடன் தங்கவும் வேண்டும். நீட், ஜே.இ.இ. வினாத்தாள் அந்த வளாகத்துக்குள் நுழையக் கூடாது.

என்.எம்.எம்.எஸ். முடிவு பெரும்பாலும் கோடை தொடங்கும் வேளையில் வெளியாகிறது. பட்டியலில் பெயர் பார்த்த பிள்ளைக்கு ஆசிரியர் மிட்டாய் கொடுப்பார், வங்கிப் புத்தக நகலும் ஆதார் நகலும் கேட்பார். அதே நாளில் அவர் கையில் இன்னொரு படிவமும் இருக்க வேண்டும்: மூன்று வாரத்துக்கு எந்த வளாகம், எந்தப் பாடம், எந்தப் பேருந்து என்று எழுதிய படிவம்.